எஸ்தவெல் ஊரில் ஒரு வங்காள எழுத்து

ஜூலை 22 நெருங்கும்போதெல்லாம் எனக்கு, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் பறந்த இந்திய விமானி இந்திரலால் ராயின் நினைவு வந்துவிடுகிறது. 1898 டிசம்பர் 2 அன்று கல்கத்தாவில் பிறந்தவன். 1918 ஜூலை 22 அன்று, வடக்குப் பிரான்சில் கார்வின் நகருக்கு மேலே நடந்த வான்சண்டையில் விமானம் தீப்பற்றி விழுந்து இறந்தான். இருபது வயது நிரம்பவில்லை. 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வயதைப் பார்த்தபின் கை வரவில்லை.

இவனைப் பற்றிப் பேச்செடுத்தாலே சிலர், "அது வெள்ளைக்காரன் போர், நமக்கென்ன?" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தப் போர் நம்முடையதல்ல என்பதில் எனக்கும் மறுப்பில்லை. இந்தியச் சிப்பாய்கள் அத்தனை பேர் செத்தும், போர் ஓய்ந்த ஐந்தாவது மாதமே ஜாலியன்வாலா பாகில் துப்பாக்கிகள் நம் மக்களை நோக்கித் திரும்பின. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதை இந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் மேல் இறக்கி, அவன் பெயரையே நினைவிலிருந்து துடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

லண்டனில் பள்ளிப் படிப்பு முடித்தவன். பறக்க வேண்டும் என்று போய் நின்றபோது கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பினார்களாம். தன் மோட்டார் சைக்கிளை விற்று, பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபடியும் சோதித்துக்கொண்டு வந்து சேர்ந்தான் என்று சொல்வார்கள். 1917 டிசம்பரில் விமானம் விழுந்து பலத்த காயம். பறக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டான். அந்த நாட்களில் அவன் விமானங்களாகவே வரைந்து தள்ளினான். அந்தப் படங்களைப் பற்றி முதலில் படித்தபோதுதான் இவன் என் மனதில் ஒட்டிக்கொண்டான். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஏதாவது வரைந்துகொண்டிருக்கும் பையனை எந்த வகுப்பில்தான் பார்க்கவில்லை நாம்?

1918 ஜூனில் போர்முனைக்குத் திரும்பினான். அடுத்த மாதம், பதின்மூன்றே நாட்களில் பத்து வான்வெற்றிகள். மூன்று நாள் கழித்து மரணம். பாராசூட் இருந்திருந்தால் என்று மனம் அடித்துக்கொள்கிறது. பலூனில் ஏறி வேவு பார்த்தவர்களுக்குப் பாராசூட் கொடுத்த பிரிட்டிஷ் படை, விமானிகளுக்கு அந்தப் போர் முடியும்வரை கொடுக்கவே இல்லை. எதிரியான ஜெர்மானியர்கள் அந்த ஆண்டே தங்கள் விமானிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இவனுக்குக் கிடைத்தது பதக்கம், அதுவும் செப்டம்பரில், செத்த பிறகு. 'டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ்' என்ற அந்த வான்படை வீரப் பதக்கத்தைப் பெற்ற முதல் இந்தியன் இவன்தான்.

தாய் லலிதா ராய் 1911-இல், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு லண்டனில் நடந்த பெரும் ஊர்வலத்தில் இந்தியப் பெண்களோடு நடந்தவர். அந்த நாட்டின் தெருவில் உரிமை கேட்டு நடந்த தாயின் மகன், ஏழு ஆண்டு கழித்து அந்த நாட்டின் சீருடையில் எரிந்து விழுந்தான். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

எஸ்தவெல் என்ற சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில் அவன் கிடக்கிறான். கல்லில் வங்காள எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: மாவீரனின் சமாதி, மரியாதை காட்டு, தொடாதே. கடல் தாண்டிப் போய்ச் செத்தவனுக்குத் தாய்மொழியில் ஒரு வரி. நடுகல் நட்டுப் பெயர் பொறித்த மரபில் வந்த நமக்கு அதன் அருமை தெரியும்.

அந்தக் கொடுப்பினைகூட இல்லாதவர்கள்தான் அதிகம். அதே பகுதியிலுள்ள நவ் ஷாப்பெல் நினைவிடத்தில், கல்லறை எது என்றே தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. 1915 மார்ச் 10 அன்று, ஜெர்மானியப் பதுங்குகுழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் முதல் ஆளாக நுழைந்து முன்னேறி உயிரிழந்த கர்வால் மலைக்காரன் கபர் சிங் நேகியும் அவர்களில் ஒருவன். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றவன். உடல் கிடைக்கவே இல்லை.

பெயரும் இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர்! இந்தியாவின் பல ஊர்களில், "இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர்" என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லும் பலகைக் கற்கள் சுவரில் பதிந்து கிடக்கின்றன. உங்கள் குடும்பத்திலிருந்து யாராவது அப்படிப் போயிருந்தால், வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.