விண்வெளி லிஃப்ட் வருமா? முதலில் கயிறு வரட்டும்

எங்கள் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் கொஞ்ச நாளாக ஒரு வீடியோ சுற்றுகிறது. ஜப்பான்காரர்கள் 2050-க்குள் பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டி முடித்துவிடுவார்களாம், ராக்கெட்டுக்கு இனி வேலையே இல்லையாம். காரைக்குடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறவன் என்பதால் பிள்ளைகளும் கேட்கிறார்கள், அவர்களைக் கூட்டிப்போக வருகிற பெற்றோரும் கேட்கிறார்கள். "சார், நெசமாவே முடியுமா?"

2050-க்குள் முடியாது. ஆனால் கட்டுக்கதையும் இல்லை. இயற்பியல் விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை, அதைக் கட்டுவதற்கான பொருள்தான் நம் கையில் இல்லை. வீடியோ போடுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள், கேலி செய்கிறவர்கள் இரண்டாவது பாதியை மட்டும் சொல்கிறார்கள், நடுவில் பிள்ளைகள் குழம்புகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கோபுரம் என்பது வேறு, லிஃப்ட் என்பது வேறு. பாரிஸ் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்து, இதையே வானம் வரை உயர்த்தினால் என்ன என்று 1895-ல் யோசித்தவர் ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி. யோசனை அழகுதான். ஆனால் கீழே இருக்கிற பகுதி மேலே இருக்கிற எல்லாவற்றையும் தாங்க வேண்டும். இன்றைக்கு உலகத்திலேயே உயரமான புர்ஜ் கலீஃபா 828 மீட்டர், ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 2015-ல் ஒரு கனடா நிறுவனம் காற்றழுத்தத்தில் நிற்கிற 20 கிலோமீட்டர் கோபுரத்துக்குக் காப்புரிமை வாங்கியது. சரி, அது நின்றுவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்புறம்? அதன் உச்சியிலிருந்து ஒரு பந்தைக் கைவிட்டால் பந்து கீழேதான் விழும்.

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள். மேலே போனால் ஈர்ப்பு இல்லாமல் போய்விடும் என்று நினைக்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுகிற 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு தரையில் உள்ளதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கிறது. அது விழாமல் இருப்பதற்குக் காரணம் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலான பக்கவாட்டு வேகம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ எடையை 100 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 1 மெகாஜூல் ஆற்றல் போதும், அதே எடையைச் சுற்றுப்பாதை வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 30 மெகாஜூல் வேண்டும். அடர்த்தியான காற்றைத் தாண்டியதில் கொஞ்சம் லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோபுரத்து உச்சியில் நிற்கிறவருக்கும் ஒரு ராக்கெட் தேவைப்படும்.

லிஃப்ட் யோசனை இதைத் தலைகீழாகத் திருப்பியது. 1960-ல் யூரி ஆர்ட்சுதானோவ் என்ற சோவியத் பொறியாளர், கீழிருந்து கட்ட வேண்டாம், மேலிருந்து தொங்கவிடலாம் என்றார். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் பூமி சுழலும் அதே கதியில் சுற்றும், தரையிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அங்கிருந்து கீழே ஒரு கயிறு, அதைச் சமன்செய்ய மேல்பக்கமும் ஒரு கயிறு, அதன் முனையில் ஒரு எதிர் எடை. ஜப்பானின் ஒபயாஷி நிறுவனம் 2012-ல் அறிவித்த திட்டத்தில் கயிற்றின் மொத்த நீளம் 96,000 கிலோமீட்டர். ஏறுகிற வண்டிக்குத் தனியாகப் பக்கவாட்டு வேகம் கொடுக்க வேண்டியதில்லை, ஏற ஏறப் பூமியின் சுழற்சியே கொடுத்துவிடும். இந்த அழகுக்காகவே எனக்கு இந்த யோசனை மேல் தீராத பிரியம் உண்டு. அதிலும்கூட ஏறக்குறைய 23,000 கிலோமீட்டருக்குக் கீழே எதைக் கைவிட்டாலும் அது பூமிக்கே வந்து விழும்.

பிரச்சினை கயிறுதான். ஆழமான கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்குத் தெரியும், வாளி கனம் ஒரு பக்கம், கயிற்றின் கனம் ஒரு பக்கம், இரண்டையும் தாங்குவது மேலே ராட்டினத்தை ஒட்டிய கயிறு. இங்கே கிணற்றின் ஆழம் 35,786 கிலோமீட்டர். மேலே போகப் போக ஈர்ப்பு குறைவதைக் கழித்த பிறகும், ஒரே தடிமனான கயிறு என்றால் தரை ஈர்ப்பில் 4,900 கிலோமீட்டர் தொங்கினாலும் அறாத பொருள் வேண்டும். நல்ல எஃகுக் கம்பி சில பத்து கிலோமீட்டரிலேயே தன் கனத்தில் அறுந்துவிடும். குண்டு துளைக்காத சட்டை செய்கிற கெவ்லர் 250 கிலோமீட்டர் வாக்கில் அறும். உச்சியில் தடிமனைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். எஃகுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் ஒன்றுக்குப் பின்னால் முப்பதுக்கும் மேற்பட்ட பூஜ்யங்கள் வரும். தரைமுனையைவிட உச்சி அவ்வளவு மடங்கு பருமன்!

அதனால் எல்லாரும் கார்பன் நானோகுழாயை, அதாவது கார்பன் அணுக்களால் ஆன, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய குழாயைப் பிடித்துக்கொண்டார்கள். 1991-ல் சுமியோ இஜிமாவின் ஆய்வுக்குப் பிறகு உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. ஒற்றைக் குழாயாக எடுத்தால் அதன் பலம் நிஜமாகவே லிஃப்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனால் 2013-ல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகம் வளர்த்துக் காட்டிய மிக நீளமான குழாய் எவ்வளவு தெரியுமா? சுமார் அரை மீட்டர். நமக்கு வேண்டியது பத்துக் கோடி மீட்டர் நீளத்துக்குக் கயிறு, அதுவும் குறையே இல்லாமல். ஓர் அணு இடம் தவறினாலே குழாயின் பலம் பாதியைவிடக் குறைந்துவிடும் என்று 2016-ல் ஹாங்காங் ஆய்வாளர்கள் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். நாசா ஆதரவில் கயிற்றுக்கென்றே வருடக்கணக்கில் ஒரு போட்டி நடந்தது, பரிசுத் தொகையை ஒருவராலும் வாங்க முடியவில்லை. லேசர் ஒளியில் மின்சாரம் பெற்று ஏறுகிற வண்டிக்கான போட்டியில் 2009-ல் ஒரு குழு 9 லட்சம் டாலர் ஜெயித்தது. ஆக வண்டியை எப்படியாவது செய்துவிடலாம், கயிற்றைத்தான் செய்ய முடியவில்லை.

கயிறு கிடைத்தாலும் கவலைகள் தீராது. தாழ்வான பாதைகளில் சுற்றுகிற எல்லாச் செயற்கைக்கோளும், எல்லாக் குப்பையும் நிலநடுக்கோட்டைக் கடந்தே ஆக வேண்டும், கயிறு நிற்பதோ அதே கோட்டில். மின்னல், புயல், பூமியைச் சுற்றியிருக்கிற கதிர்வீச்சு வளையத்துக்குள் நாள்கணக்கில் போகிற பயணம் எல்லாம் தனி. 1996-ல் கொலம்பியா விண்கலத்திலிருந்து 20 கிலோமீட்டர் கம்பியை விரித்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட முழுசாக விரிந்த நேரத்தில் மின்பொறி பட்டு அறுந்துபோனது. வெறும் 20 கிலோமீட்டர்!

நிலாவில் கதையே வேறு. அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, காற்று கிடையாது. நிலாத் தரையிலிருந்து பூமிப் பக்கமாகக் கயிறு நீட்ட, இன்று கடையில் கிடைக்கிற வகை இழைகளே போதும் என்று அமெரிக்கப் பொறியாளர் ஜெரோம் பியர்சன் போன்றவர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் விண்வெளி லிஃப்ட் என்று ஒன்று வந்தால் அது நிலாவில்தான் வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரைக்கும் பூமியில் ராக்கெட்தான், அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்களே, அங்கிருந்து தெற்கே நேராகக் கடலுக்கு மேல் ஏவலாம், ஸ்ரீஹரிகோட்டா மாதிரி இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்க வேண்டியதில்லை. இறங்கி வந்து மறுபடி பறக்கிற ராக்கெட்டுகளும் வந்துவிட்டன. செலவு இப்படியே குறைந்துகொண்டு போனால், லிஃப்டுக்கு யார் காசு போடுவார்கள் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

என்னிடம் படிக்கிற ஒரு பெண்ணின் அம்மா, "இவ விண்வெளி லிஃப்ட் கட்டணும்ங்கிறா, என்ன சார் படிக்க வைக்கலாம்?" என்று கேட்டார்கள். பொருள் அறிவியல், வேதியியல் பக்கம் பாருங்கள் என்றேன். நானோகுழாய் இன்றைக்கு நிஜமாக வேலை செய்கிற இடங்களில் ஒன்று லித்தியம் பேட்டரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்த சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது, மின்வேதியியலில் பி.டெக் படிப்பும் அங்கேயே இருக்கிறது. காலேஜ் ரோட்டில் தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறோம், உள்ளே என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? அடுத்த முறை அந்த வீடியோவை ஃபார்வர்டு செய்யும்போது இதையும் சேர்த்து அனுப்புங்கள்.