சின்ன பேட்டரியை விட்டுவிடாதீர்கள்

"பெரிய பேட்டரியை மாற்றினால் போதும், சின்னது ஸ்டார்ட்-ஸ்டாப் வசதிக்கு (வண்டி நின்றதும் இன்ஜினைத் தானே அணைத்து, மீண்டும் இயக்குவது) மட்டும்தான்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஜீப் ராங்லர் ஜேஎல் மாடலின் இரட்டை பேட்டரி வண்டிகளுக்கு இது பொருந்தாது. வண்டி நிற்கும்போது இரண்டும் இணையாகவே பிணைந்திருக்கின்றன; செத்துப்போன சின்னது புதிய பெரியதையும் உறிஞ்சிவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இரண்டும் ஏஜிஎம் வகையாக (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி).

இன்னொன்று: பெரியதன் நெகட்டிவ் பிடியைக் கழற்றியதோடு நின்றுவிடாதீர்கள். சின்ன பேட்டரியின் நெகட்டிவ் கம்பியும் அங்கேதான் வந்து சேர்கிறது. அதையும் பிரித்துத் தனியே ஒதுக்காவிட்டால் வண்டிக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். (ஸ்பானர் உரசிப் பொறி பறந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.)

மாற்றியதும் இஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தால் உடனே கணினிப் பெட்டிக்குச் செலவு செய்ய வேண்டாம். ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, சற்றுத் தூரம் ஓட்டிப் பாருங்கள்.