காசுக்கு விளையாடினால் என்ன குற்றம்?

ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியில் நடந்த பரிசளிப்பில் பிரதம விருந்தினர் பேசிய வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பொடியளை முன்னால் இருத்தி வைத்துக்கொண்டு, "காசுக்காக நாடு நாடாய் லீக் விளையாடுறவங்களைப் பாத்துப் பழகாதேங்கோ" என்றார். அணி முதலாளிகள் காசு கொடுத்து ஆள் எடுக்கிற கிரிக்கெட் லீக்குகளைத்தான் சொன்னார். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கிரிக்கெட் ஒரு தொழில். தொழில் செய்கிறவன் கூலி கேட்பான். இதில் என்ன குற்றம்?

என் மச்சான் ஒருவன் தருமபுரத்தில் வேகப்பந்து போட்டவன். அவனுடைய கழகத்தில் கடினப்பந்துக்கு இருந்தது காலில் கட்டுகிற பேட் இரண்டு சோடிதான். ஒருவன் அவுட்டாகி வந்தால் வேலியோரம் குந்தியிருந்து அதைக் கழற்றுவான், அடுத்தவன் அந்த வியர்வை ஈரத்தோடேயே கட்டிக்கொண்டு ஓடுவான். பட்டி அறுந்த இடத்தில் உரச்சாக்கு நூலால் முடிச்சு. அப்படி விளையாடியவன் இப்போது கட்டாரில் சாரம் கட்டுகிறான். கோயில் திருவிழாவுக்கு அவன் காசு அனுப்பியபோது லவுட்ஸ்பீக்கரில் பெயர் வாசித்தார்கள். ஊரை விட்டுக் காசுக்கு ஓடினவன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அதே மச்சான் பந்தோடு டுபாய்க்குப் போயிருந்தால் மட்டும் துரோகியா?

"நாட்டுக்காக விளையாட வேண்டாமா?" என்று கேட்பீர்கள். சரி, சுழற்பந்து வீச்சாளர் வியாஸ்காந்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்குப் பந்து போட்டபோதுதான் நாடே அவரைப் பார்த்தது. இலங்கை அணியின் சட்டை 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் கிடைத்தது. அடுத்த வருடம் இலங்கையின் இன்னொரு சுழற்பந்து வீச்சாளரான ஹசரங்கவுக்குப் பதிலாக ஹைதராபாத்துக்கு ஐ.பி.எல். ஆடினார். லீக் முதலில், நாடு பிறகு. லீக் இல்லையென்றால் வடக்குப் பொடியன் ஒருவனை யார் தேடி வந்திருப்பார்கள்?

லீக் வாழ்க்கை சொகுசு என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தம் சில கிழமைக்குத்தான். தோள்மூட்டு விலகினால் அடுத்த ஒப்பந்தம் இல்லை. வெளிநாட்டில் ஆடக் கிரிக்கெட் சபையின் தடையில்லாச் சான்றிதழ் வேண்டும். ஓய்வு பெற்றவர்களும் ஆறு மாதம் கழித்துத்தான் அதைப் பெறலாம் என்று 2022இல் இங்கே விதி போட்டார்கள். 2025இல் பங்களாதேஷ் லீக்கில் ராஜ்ஷாஹி அணிக்காரர் சம்பளம் வராமல் ஹோட்டலில் கிடந்தார்கள். தன் கூலியும் வராததால் பஸ் சாரதி அவர்களுடைய கிட் பைகளை பஸ்ஸுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். உழைத்த காசுக்கு அலைகிற மனிதர்களைத்தான் பேராசைக்காரர் என்கிறீர்கள்.

லீக் என்றால் சூதாட்டம் என்று ஒருவர் கொமென்ட் போட்டிருந்தார். லங்கா பிரீமியர் லீக்கில் 2024இல் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானவர் தம்புள்ளை அணியின் உரிமையாளர். விளையாடப் போகிற பிள்ளையை ஏன் அதில் இழுக்கிறீர்கள்? லீக்கால் ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டம் அழிந்துவிடும் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, நேரமும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஆடுகளத்தில் ஒரு ஒழுங்கான மட்டிங் பாய் விரித்த பிறகு அதைப் பேசுவோம்.

லங்கா பிரீமியர் லீக்கில் 2020 முதல் 2024 வரை ஐந்து பருவத்தில் நான்கு கிண்ணம் யாழ்ப்பாணத்தின் பெயரில் போயிருக்கிறது. ஒரு ஆட்டமாவது வடக்கில் நடந்ததா? எங்கள் பெயர் வேண்டும், எங்கள் மண் வேண்டாம். அதைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே ஐயா. அந்தப் பொடியளிடம் ஆசைப்படாதே என்று சொல்லத்தானா கிளிநொச்சி வரைக்கும் வந்தீர்கள்? போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தாய் தகப்பனின் பிள்ளைகள் அவர்கள். காசு வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்ல எப்படி மனம் வந்தது?

விசுவமடுவில் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை நன்றாக லெக் ஸ்பின் போடுகிறான். இன்னும் மென்பந்துதான். பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் கடினப்பந்துப் பயிற்சி கொடுக்கிறவர்கள் யாரையாவது தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பஸ் காசு நான் கொடுக்கிறேன்.