ஏற்றத் தெரிந்தால் போதாது, இறக்கவும் தெரிய வேண்டும்

புருவ மத்தியில் மனதை நிறுத்தச் சொல்லித் தரும் காணொளிகள் யூடியூப்பில் கொட்டிக் கிடக்கின்றன. மேலே ஏற்றிய கவனத்தைக் கீழே இறக்குவது எப்படி என்பதைத்தான் பல காணொளிகள் சொல்வதில்லை. முதுகுத்தண்டின் அடியில் உறங்குவதாக யோகம் சொல்லும் ஆற்றல்தான் குண்டலினி. அதை எழுப்பும் குண்டலினி தவத்துக்கு ஆசிரியர் கட்டாயம் வேண்டும் என்று அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

தவமும் அகத்தாய்வும் சேர்ந்த வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலைப் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கியவர். குடும்பத்தில் இருப்பவர்களுக்காக அவர் வகுத்த எளியமுறை குண்டலினி யோகத்தில் முதல் படி ஆக்கினை, அதாவது புருவ மத்தியில் கவனம் வைக்கும் தவம். அதை ஒட்டியே வருவது சாந்தி, கவனத்தைக் கீழே இறக்கும் தவம். சூட்சுமம் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

ஆக்கினை தீட்சையில் ஆசிரியர் புருவ மத்தியை விரலால் தொட்டு உணர்த்துவார். அங்கே மெல்லிய அழுத்தமோ துடிப்போ குறுகுறுப்போ தெரியும். அதைச் சும்மா கவனித்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். புதியவர்கள் சறுக்குவதும் இங்கேதான். மூடிய இமைக்குள் விழிகளை மேலே செருகி அந்த இடத்தைப் பார்க்க முயல்வார்கள். சற்று நேரத்தில் நெற்றி சுருங்கும், தாடை இறுகும், எழுந்ததும் தலைவலி. பலர் இதைக் குண்டலினி எழும்பிவிட்டதாக நினைத்து இன்னும் முறுக்குகிறார்கள். அது கண்ணையும் நெற்றியையும் சுற்றியுள்ள தசைகள் இறுகியதால் வரும் வலி. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் முகத்தைப் பார்த்ததுமே, "கண்ணைத் தளர விடுங்க, பார்க்காதீங்க, உணருங்க" என்று திருத்திவிடுவார்.

சாந்தியில் கவனம் முதுகுத்தண்டின் அடியில், மூலாதாரத்தில் நிற்கும். நெற்றியில் பாரமோ சூடோ கூடினால் ஆக்கினையை விட்டுவிட்டு இதற்கு வந்துவிட வேண்டும். மிகையான ஆற்றலை உடல் வாங்கிக்கொள்கிறது என்பது இந்தப் பயிற்சி நடக்கும் மனவளக்கலை மன்றங்களில் தரும் விளக்கம். அதை ஏற்காதவரும் கவனம் கீழே வந்ததும் நெற்றி தளர்வதைக் கவனித்துப் பார்க்கலாம். சாந்தி பழகாதவரை உச்சந்தலைக்கு, அதாவது துரியத்துக்கு, அவசரப்படுத்தும் ஆசிரியரிடமிருந்து விலகி நிற்பதே நல்லது. தொடுதல் தீட்சையைப் பெண்களுக்குப் பெண் ஆசிரியர் தருவதுதான் முறை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

வீட்டில் செய்ய 15 முதல் 20 நிமிடம் போதும். வயிறு நிறைந்திருந்தால் தூக்கம்தான் வரும், ஆகவே சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது போகட்டும். முட்டி வலிப்பவர் நாற்காலியில் உட்காரலாம், முதுகு மட்டும் நிமிர்ந்திருக்கட்டும்.

இவ்வளவும் பாதிதான். மறுபாதி அகத்தாய்வு, அதாவது தன் குணங்களைத் தானே ஆராய்ந்து திருத்திக்கொள்வது. தவத்தில் மட்டும் ஊறிவிட்டு வீட்டில் எரிந்து விழுபவர்கள் நிறையப் பேர் இருப்பதற்குக் காரணம், இந்தப் பாதியைத் தொடாமல் விட்டதுதான். அகத்தாய்வின் ஒரு பகுதியான சினம் தவிர்த்தலில் முதல் வேலை நோட்டில் எழுதுவது: யார் யார் மேல் கோபம் வருகிறது, எதற்காக, எத்தனை முறை. அதில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த முறை எப்படி நடந்துகொள்வது என்று முன்கூட்டியே தீர்மானித்து, தவ முடிவில் அவரை மனதில் நிறுத்தி "வாழ்க வளமுடன்" என்று வாழ்த்த வேண்டும். பட்டியலில் உள்ள எல்லோரையும் ஒரே வாரத்தில் சரிசெய்யக் கிளம்பினால் மூன்றாம் நாளே நோட்டு அலமாரிக்குள் போய்விடும். "அந்த ஒருவர் விஷயம் என்னாச்சு?" என்று அடுத்த வாரம் கேட்கும் ஆசிரியர்தான், என் கணக்கில், தீட்சை கொடுத்ததை முழுமையாக்குகிறவர்.

மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் தீட்சைக்கு முன்பே அதை ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும், மருத்துவரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தொடர்ந்து தூக்கம் கெட்டாலோ, காரணமில்லாத படபடப்பு வந்தாலோ, காதில் குரல் கேட்டாலோ தவத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். "அது கர்மா கழிகிறது, மாத்திரையை நிறுத்து" என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.