நாய் உட்கார்ந்துவிட்டால் போதுமா?

"மோப்ப நாயே காட்டிக்கொடுத்துவிட்டது, அப்புறம் என்ன பேச்சு?" என்று, போதைப்பொருள் வாசனை பிடித்ததாக நாய் ஒரு வண்டியருகே உட்கார்ந்து சைகை காட்டியதும் பலரும் கேட்கிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. நாயின் மூக்கின் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. கயிற்றைப் பிடித்திருக்கும் போலீஸ்காரர் மனதில் என்ன ஓடுகிறது என்பதுதான் என் கவலை.

அமெரிக்காவில் தகுந்த முகாந்திரம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே வண்டியைச் சோதிக்கலாம். 1925-லிருந்து இதுதான் சட்டம். முறைப்படி நிறுத்திய காரை நாய் சுற்றிவந்து மோப்பம் பிடிப்பது 'சோதனை' ஆகாது என்று 2005-ல் இல்லினாய் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, நாயைச் சுற்றிவரச் செய்ய எந்த முகாந்திரமும் வேண்டாம். அது உட்கார்ந்துவிட்டால் அதுவே முகாந்திரம்.

2011-ல் டேவிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 18 நாய்கள், அவற்றைக் கையாளும் 18 பேர். கட்டடத்தில் போதைப்பொருளும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. ஆனால், சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தில் வாசனை இருக்கும் என்று கையாள்பவர்களிடம் சொல்லிவைத்தார்கள். இல்லாத பொருளை நாய் கண்டுபிடித்ததாகக் கையாள்பவர்கள் 200 தடவைக்கு மேல் சொன்னார்கள்! அதுவும் சிவப்புத் தாள் பக்கம்தான் அதிகம். தாள் எதற்கென்று நாய்க்கு எப்படித் தெரியும்? கையாள்பவர் ஓரிடத்தில் சற்றே கூடுதலாக நின்றதை நாய் கவனித்திருக்கலாம், இல்லை அவரே அப்படி எண்ணிக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் சாலையில் திறக்கப்படுவது யாரோ ஒருவருடைய வண்டி.

ஃபுளோரிடாவில் ஆல்டோ என்ற போலீஸ் மோப்ப நாயைப் பற்றிய வழக்கு என்னை இன்னும் உறுத்துகிறது. ஒரே ஆளின் வண்டியில், டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியில், ஆல்டோ இரண்டு சந்தர்ப்பங்களில் சைகை காட்டியது. முதல் தடவை மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்சும் மூலப்பொருட்கள் சிக்கின. ஆனால் அவை ஆல்டோவுக்குப் பழக்கிய வாசனைகளே அல்ல. அடுத்த தடவை ஒன்றுமே இல்லை. களத்தில் அந்த நாய் எத்தனை முறை தவறியது என்ற கணக்கை மாநில உச்ச நீதிமன்றம் கேட்டது. 2013-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டு, நம்பகமான பயிற்சியோ சான்றிதழோ இருந்தால் பொதுவாகப் போதும் என்றது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு கேள்வி கேட்கலாமாம். சரி, எதை வைத்துக் கேட்பது? கைதில் முடிந்த சைகைகளை மட்டும்தானே ஆல்டோவைக் கையாண்ட அதிகாரி குறித்துவைத்திருந்தார்.

நாய் வரட்டும் என்று, நிறுத்திய காரணத்துக்கான போலீஸ் வேலை முடிந்த பிறகும் காரை நிறுத்திவைக்கக் கூடாது என்று 2015-ல் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு, ஆனால் அது நேரத்தைப் பற்றியது மட்டுமே. நாய் சைகை காட்டிய ஒவ்வொரு வண்டியும், ஒன்றும் கிடைக்காத வண்டிகள் உட்பட, அந்த நாயின் பெயரில் பதிவாக வேண்டும். வழக்கறிஞர் கேட்டால் அந்தப் பதிவேட்டை அப்படியே கொடுக்க வேண்டும்.