கூட்டெழுத்தால் எஸ்எம்எஸ்ஸில் இடம் மிச்சமாகுமா?

"மலையாளத்தில் கூட்டெழுத்து (மெய்கள் பிணைந்து ஒரே வடிவமாவது) உண்டு, ஆகவே ஒரே எஸ்எம்எஸ்ஸில் தமிழைவிட அதிகம் எழுதலாம், திருவிழா அறிவிப்பைத் தமிழில் அனுப்புவது வீண் செலவு" என்று மேலே அன்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. கண்ணுக்குத் தெரியும் வடிவத்தையும் உள்ளே பதியும் குறியீட்டையும் அவர் ஒன்றாக்கிவிட்டார். பாலக்காட்டுச் சித்தூரில் இரண்டு எழுத்திலும் பேருந்துப் பலகை படித்து வளர்ந்த எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

நம் மாவட்டத்தின் பெயரையே எண்ணிப் பார்க்கலாம். "பாலக்காடு" என்பதில் எழுத்து ஐந்துதான். ஆனால் எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடில் ப, கால், ல, க, புள்ளி, க, கால், ட, உகரக் குறி என ஒன்பது குறியீடுகள். மலையாளத்தில் "க்க" ஒரே வடிவமாகப் பிணைந்து நின்றாலும், உள்ளே க, சந்திரக்கலை (நம் புள்ளிக்கு இணையான மலையாளக் குறி), க என மூன்றாகவே பதிகிறது. ஈற்றில் உகரக் குறிக்குப் பதில் சந்திரக்கலை வருவதால் அங்கும் ஒன்பதுதான். பிணைத்துக் காட்டுவது எழுத்துருவின் வேலை. யூனிகோடில் தமிழ் "ப"வின் எண் 2986, மலையாள "ப"வின் எண் 3370. "க"வுக்கு 2965, 3349. இரண்டிலும் இடைவெளி 384 என்பதிலிருந்தே, இரு வரிசைகளும் ஒரே அடுக்கில் அமைந்தவை என்பது விளங்கும்.

ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 1120 பிட் (கணினித் தகவலின் மிகச் சிறிய அலகு). ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து அடங்குகிறது. தமிழ், மலையாளம் இரண்டுக்கும் குறியீடு ஒன்றுக்கு 16 பிட், ஆகவே இரண்டுக்கும் 70 குறியீடுதான். ஆங்கில அறிவிப்பின் நடுவே ஒரேயொரு "ஓம்" தமிழில் சேர்த்தாலும் முழுச் செய்தியும் அந்த 70 கணக்குக்கு மாறிவிடும்.