நைட்டிங்கேல் சென்னைக்கு வந்தாரா?

"பிளாரன்ஸ் நைட்டிங்கேல் நேரில் வந்து சென்னை ஜி.ஹெச்.சில் நர்ஸிங் பள்ளியைத் தொடங்கி வைத்தார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இது தவறு. நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

1856-ல் கிரீமியப் போர் முடிந்து ஊர் திரும்பியவர், அடுத்த ஆண்டிலிருந்தே நோயாளி ஆகிவிட்டார். ஆனால் இந்தியாவை அவர் மறக்கவில்லை. இங்கிருந்த ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள்கள் போயின: குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எப்படி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் என்ன வசதி? கட்டுக்கட்டாக வந்த பதில்களை லண்டனில் இருந்தபடியே படித்து, இந்தியாவிலிருந்த ராணுவத்தின் சுகாதாரத்தை ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த அரச ஆணையத்தின் 1863 அறிக்கைக்குத் தன் கருத்துகளை எழுதினார். வராமலேயே இவ்வளவு செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, சென்னைப் பள்ளி? அது 1871-ல் அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியது. முதலில் ஆறு மாத மகப்பேறுப் பயிற்சி, நான்கே மாணவிகள். அந்த நால்வரின் பெயரையும் எந்த ஃபார்வர்டும் சொல்வதில்லை. அப்புறம் 1926-ல் சென்னை மாகாணச் செவிலியர் சட்டம் வந்து, பதிவு முறை ஏற்பட்டது.

சந்தேகம் இருந்தால் நைட்டிங்கேல் எழுத்துகளின் தொகுப்பில் 9, 10-ஆம் தொகுதிகளைப் பாருங்கள். இரண்டும் இந்தியா பற்றியவை. 1871 பற்றி நர்ஸிங் பாடநூல்களிலேயே இருக்கிறது. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் விவரத்தைச் சொல்லுங்கள்.